"இலவசமா குடுக்கவா சேர்?" - ஒரு கேள்விக்கு வரலாற்று வாத்தியாரின் நீண்ட பதில்

 

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியோடு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். ரியூசன் வகுப்பு நடத்துபவர்களும் கணினி படிக்கும் பிள்ளைகளும் கடைசிவரை வாசித்தால் சந்தோசப்படுவேன்.

போன கிழமை நெளுக்குளம் சந்தியில் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். பம்பைமடுவில் நமது வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்து முடித்தவன். பகலில் கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டில் இருந்தே வேலை செய்கிறான். இரவில் சொந்தமாக ஒரு மென்பொருள் செய்திருக்கிறான். ரியூசன் வகுப்புகளுக்கானது. யார் வந்தார், யார் வரவில்லை, யார் இந்த மாதக் காசு கட்டினார் என்று பதியலாம். பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால் தாய் தகப்பனுக்கு எஸ்.எம்.எஸ். போகும். போனில் காட்டினான். நன்றாகத்தான் இருந்தது.

"எல்லாரும் நல்லா இருக்கெண்டுதான் சொல்லுறாங்க சேர். எவ்வளவு எண்டு கேட்டுட்டு போயிடுறாங்க. இலவசமா குடுக்கவா? பெரிய கொம்பனி எல்லாம் அப்பிடித்தானே செய்யுது. பிறகு காசு கேக்கலாம்தானே?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. "தம்பி, இது கணினிக் கேள்வி இல்லை, வரலாற்றுக் கேள்வி. எழுதித் தாறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பதில்தான் இது. அவனுக்கு மட்டுமல்ல, போனில் எதையும் இலவசம் என்று பார்த்தவுடன் அழுத்திவிடும் நம் எல்லோருக்கும்.

முதலில் ஒரு விசயம். மென்பொருள் விலைக்கு வந்து பிறகு இலவசமான பொருள் அல்ல. நடந்தது மறுவளம். ஆரம்பத்தில் கணினி வாங்கினால் மென்பொருளும் கூடவே வந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தால் நிரல்களுக்குத் தனியாகப் பில் கிடையாது. அது உண்மையில் இலவசமா என்றால் இல்லை. இயந்திரத்தின் வாடகைக்குள் நிரலின் விலையும் ஒளிந்திருந்தது. 1969இல்தான் ஐ.பி.எம். இரண்டையும் பிரித்து, நிரலுக்கு வேறு விலை போடப்போவதாக அறிவித்தது. மென்பொருள் என்ற தனி வியாபாரம் பெரிதாக வளர வழி திறந்தது அதற்குப் பிறகுதான்.

அடுத்து 1976 பெப்ரவரி. அப்போது 20 வயது இளைஞரான பில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அல்டெயர் என்ற சிறு கணினிக்கு அவரும் நண்பர்களும் பேசிக் என்ற மென்பொருளை எழுதியிருந்தார்கள். ஆர்வலர்கள் அதைப் பிரதி எடுத்துக் கைமாற்றிக்கொண்டார்கள். பாவித்தவர்கள் பலர், காசு கட்டியவர்கள் சிலர். அல்டெயர் வைத்திருந்தவர்களில் பத்து வீதத்துக்கும் குறைவானவர்களே வாங்கியதாக அவர் கணக்குச் சொன்னார். வன்பொருளுக்குக் காசு கொடுக்கும் நீங்கள் மென்பொருளை மட்டும் ஏன் சும்மா எடுக்கிறீர்கள், அதை எழுதியவனுக்கு யார் கூலி கொடுப்பது என்பதே அவர் கேள்வி. கேட்ஸைப் பிடிக்காதவர்கள்கூட அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. என் மாணவன் சந்தியில் நின்று கேட்டதும் அதே கேள்விதான்.

அந்தக் கேள்விக்கு 1980களில் இரண்டு பதில்கள் வந்தன. முதலாவது, 1982இல் அன்ட்ரூ ஃபுளூகல்மன் தன் பிசி-ரோக் என்ற மென்பொருளை வெளியிட்ட விதம். "எடுங்கள், பாவியுங்கள், நண்பர்களுக்கும் கொடுங்கள். பிடித்திருந்தால் 25 டொலர் அனுப்புங்கள்" என்றார். சிலர் அனுப்பினார்கள். இப்படிப் பகிர்ந்து விற்கும் முறை பிறகு ஒரு மரபாகவே வளர்ந்தது. நம் எல்லோர் கணினியிலும் இருக்கும் வின்ரார் அந்த வழியில் வந்த பிள்ளை. 40 நாள் பாவித்துப் பார்க்கலாம் என்று சொல்லும். 40 நாள் முடிந்த பிறகும் வாங்கச் சொல்லி ஒரு சிறு பெட்டி வரும், அதை மூடிவிட்டு நாம் வேலையைப் பார்ப்போம். எத்தனை வருசமாக மூடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது பதில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் சொன்னது. 1983இல் அவர் குனு திட்டத்தை அறிவித்தார். அவர் பேசியது விலையைப் பற்றி அல்ல, உரிமையைப் பற்றி. நிரலைத் திறந்து பார்க்க, திருத்த, பிறருக்குக் கொடுக்கப் பாவிப்பவனுக்கு உரிமை வேண்டும் என்றார். தமிழில் இதற்குக் கட்டற்ற மென்பொருள் என்று நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் என்பதால் அங்கே குழப்பம். நமக்கு அந்தக் குழப்பம் வேண்டியதில்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி நம் சொந்தக் கதைக்கு வருவோம். நீங்கள் இந்தப் பதிவைத் தமிழில் வாசிக்கிறீர்கள். நான் போனில் தமிழில் எழுதுகிறேன். இது தானாக வந்த வசதி அல்ல.

ஆசிரியர்மாருக்கு பாமினி எழுத்துருவைத் தெரியும். தவணைப் பரீட்சை வினாத்தாள்களை எத்தனை வருசம் பாமினியில் அடித்தோம். யாரும் காசு கட்டியதாக எனக்கு நினைவில்லை. நெகிழ்தட்டிலும் பிறகு பெண்ட்ரைவிலும் கைமாறி வந்தது. ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. திரையில் அம்மா என்று அழகாகத் தெரியும், உள்ளே கோப்பில் கிடப்பதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும். பாமினி இல்லாத கணினியில் அந்த வினாத்தாளைத் திறந்தால் ஒன்றும் விளங்காது. உள்ளே வரக் காசு கேட்காத எழுத்துரு, வெளியே போகும்போது நம் எழுத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது.

அந்தப் பூட்டைத் திறந்தவர்களும் காசு வாங்காதவர்கள்தான். ஜேர்மனியில் வாழும் நம் ஈழத்தவரான சுரதா யாழ்வாணன் பொங்குதமிழ் என்ற எழுத்துரு மாற்றியைச் செய்து இணையத்தில் விட்டார். பாமினியில் அடித்ததை ஒட்டினால் யுனிகோடாக மாற்றித் தரும். எத்தனை பத்திரிகைக்காரர்களும் ஆசிரியர்களும் அதைப் பாவித்திருப்பார்கள்! தமிழா குழுவினர் இ-கலப்பை என்ற தட்டச்சுக் கருவியைக் கொடுத்தார்கள். அழகி முதலில் விலைக்கு வந்து பிறகு இலவசமானது. சென்னை நியூ ஹொரைசன் மீடியா, என்.எச்.எம். ரைட்டரை இலவசமாக விட்டது.

இன்னொருவரை நான் வகுப்பில் கட்டாயம் சொல்வேன். தஞ்சாவூர் மாவட்டம் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி. வளைகுடாவில் வேலை செய்தவர். பழைய கணினிகளிலும் யுனிகோட் தமிழை இணையத்தில் வாசிக்க முடியாமல் சனம் கஷ்டப்பட்ட காலத்தில் தேனீ என்ற எழுத்துருவைச் செய்து எல்லோருக்கும் கொடுத்தார். 2006இல் அவர் காலமானார். 2010இல் கோயம்புத்தூரில் செம்மொழி மாநாட்டோடு நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள். வாழும்போது அந்த உழைப்புக்கு அவர் யாரிடமும் பில் போடவில்லை.

மலேசியாவின் முத்து நெடுமாறன் வேறொரு வழியில் போனார். 1980களில் இருந்தே முரசு மென்பொருளை வளர்த்து வந்தவர். முரசு அஞ்சலின் முழுப் பதிப்பைக் காசுக்கு விற்றார். கூடவே "முதல் நிலை" என்று ஓர் இலவசப் பதிப்பையும் வைத்தார். சாதாரண ஆள் தமிழ் எழுத அது போதும், பதிப்புத்தொழில் செய்பவர் காசு கட்டி முழுசாக வாங்குவார். இன்றைக்கு இலவசத் திட்டம் என்று பெரிய நிறுவனங்கள் சொல்வது இதைத்தான். தமிழில் அது எப்போதோ நடந்திருக்கிறது, அதற்கு அழகான பெயரும் இருந்திருக்கிறது.

இவர்கள் எல்லோரிடமும் வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். யார் காசு கட்டினது? உமர் தம்பிக்கு அவருடைய வேறு வேலையின் சம்பளமும், தூக்கத்தில் இருந்து எடுத்த நேரமும். முரசுக்கு முழுப் பதிப்பை வாங்கியவர்கள். யாரோ ஒருவர் எப்போதும் கட்டியிருக்கிறார். அவர் நம் கண்ணுக்குத் தெரியாததால்தான் நாம் இலவசம் என்கிறோம்.

இனி அந்தப் பெரிய நிறுவனங்களின் கதை. 1996 ஜூலை 4ஆம் திகதி ஹொட்மெயில் வந்தது. சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கியது. சேமிப்பு இடம் வெறும் 2 எம்.பி. ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும், நீங்களும் இலவசமாக ஒன்று திறக்கலாம் என்று ஒரு வரி தானாகச் சேர்ந்துவிடும். கடிதம் எழுதிய ஒவ்வொருவரும் சம்பளம் இல்லாத விளம்பரக்காரர் ஆனார். ஒன்றரை வருசத்தில் மைக்ரோசொப்ட் ஏறத்தாழ 400 மில்லியன் டொலருக்கு அதை வாங்கியது. பாவித்தவர்களில் எவரும் சதம்கூடக் கட்டியதில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு விலை இருந்தது. 2004 ஏப்ரல் 1ஆம் திகதி கூகிள் 1 ஜி.பி. இடத்தோடு ஜிமெயிலை அறிவித்தபோது முட்டாள்கள் தின விளையாட்டு என்றுகூடச் சிலர் நினைத்தார்கள்.

2006இல் பிரெட் வில்சன் என்ற அமெரிக்க முதலீட்டாளர் இந்த முறைக்குப் பெயர் கேட்டார், பிரீமியம் என்ற சொல்லோடு இலவசத்தைக் கலந்து "ஃப்ரீமியம்" என்று ஒருவர் சொன்னார், அது நிலைத்துவிட்டது. கொஞ்சம் இலவசம், மிச்சத்துக்குக் காசு. இதன் கணக்கு விளங்கினால்தான் என் மாணவனுக்குப் பதில் சொல்லலாம்.

அவனுடைய கணக்கையே எடுப்போம். சேவையகத்துக்கு மாதம் 12 டொலர் கட்டுகிறான். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 3,600 ரூபா. 60 ரியூசன் வகுப்புகள் இலவசமாகச் சேர்கின்றன என்று வைப்போம். இன்னும் 6 வகுப்புகள் மாதம் 1,000 ரூபா கட்டினால் 6,000 வரும். சேவையகம் போக 2,400 மிச்சம். எஸ்.எம்.எஸ். செலவும் அவன் உழைப்பும் அதற்குள் அடங்க வேண்டும். இழுத்துப் பறித்து ஓடும். ஆனால் இலவச வகுப்புகள் 600 ஆகி, கட்டுபவர்கள் அதே 6 பேர் என்றால்? இடம் கூடும், எஸ்.எம்.எஸ். கூடும், இரவு பத்து மணிக்கு "சேர் லொகின் ஆகுதில்லை" என்று வரும் அழைப்புகள் கூடும். பெயர் பரவும், பிள்ளை கடனாளி ஆவான். பெரிய நிறுவனம் முதலீட்டாளரின் காசில் பத்து வருசம் நட்டத்தில் ஓடலாம். நெளுக்குளத்துப் பிள்ளைக்குப் பின்னால் அப்படி எந்த முதலாளியும் இல்லை.

சரி, பெரியவர்கள் கொடுத்த இலவசம் என்ன ஆனது? 2020 மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடப்பட்டன. வட்ஸ்அப்பும் சூமும்தான் வகுப்பறை ஆனது. சூமின் இலவசத் திட்டத்தில் குழுவாகப் பேசினால் 40 நிமிடம். நமது பாடவேளையும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் என்பதால், மணி அடிக்கும் ஆள் இல்லாத குறையைச் சூம் தீர்த்தது என்று ஆசிரியர் அறையில் பகிடி விடுவோம். 2019 டிசம்பரில் ஒரு நாளில் 10 மில்லியன் பேர் சேர்ந்த சூம் கூட்டங்களில் 2020 ஏப்ரலில் 300 மில்லியன் பேர் சேர்ந்தார்கள். அந்த இலவசம் இல்லாவிட்டால் வன்னியில் எத்தனை பிள்ளைகளுக்கு அந்த வருசம் ஆசிரியரின் குரலே கேட்டிருக்காது. போன் இல்லாத, சிக்னலுக்காக மரத்தில் ஏறிய பிள்ளைகளின் கதை வேறு. ஆனாலும் இலவசத் திட்டமே கூடாது என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். நான் அதை வைத்துத்தான் படிப்பித்தேன்.

பிறகு சுருங்கத் தொடங்கியது. கூகிள் போட்டோஸ் 2015இல் எல்லையில்லாத இடம் என்று வந்தது. 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றும் படங்கள் 15 ஜி.பி. கணக்குக்குள் வந்தன. கல்வி நிறுவனங்களுக்கு எல்லையற்ற இடம் கொடுத்த கூகிள், 2022 முதல் ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டி.பி. என்று மாற்றியது. மாணவர்கள் தம் செயற்றிட்டங்களை இலவசமாக ஏற்றி வைத்த ஹெரோக்கு, 2022 நவம்பரில் இலவசத் திட்டத்தை முற்றாக நிறுத்தியது. துஷ்பிரயோகமும் மோசடியும் கட்டுப்படுத்த முடியாமல் போனதைக் காரணமாகச் சொன்னது. எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசக்காரருக்கு 50 குறிப்புகள் மட்டும் என்றது. இவர்களை நான் கள்ளர் என்று சொல்லவில்லை. அறிவித்துத்தான் செய்தார்கள். வட்டி குறைந்த காலத்தில் வந்த முதலீட்டுக் காசு வற்றியபோது, யார் காசு கட்டினது என்ற கேள்வி அவர்கள் வாசலுக்கும் வந்தது.

அந்த 2022 நமக்கு எப்படிப்பட்ட வருசம் என்று சொல்லத் தேவையில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மாதம் 10 டொலர் என்று அவர்கள் விலை போட்டது மாறவில்லை. நமக்கு அது 2,000த்தில் இருந்து 3,600 ஆனது. பெற்றோல் வரிசையில் நின்றவனிடம் "எங்கள் கட்டணத் திட்டத்துக்கு மாறுங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் அவன் என்ன செய்வான்?

அவன் என்ன செய்தான் என்று சொல்கிறேன், ஏனென்றால் அவன் நான்தான். 2017இல் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு செயற்றிட்டம் கொடுத்தேன். வீட்டில் உள்ள அம்மம்மா, உம்மம்மா, அப்பப்பா யாரிடமாவது உட்கார்ந்து, உங்கள் ஊர்க் குளத்தின் கதையையும் இடம்பெயர்ந்த கதையையும் கேட்டுப் போனில் பதிந்து வாருங்கள் என்றேன். 41 ஒலிப்பதிவுகள் வந்தன. 1990இல் வீட்டை விட்டு நடந்தவர்களின் குரல், 2009இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்களின் குரல், ஆறு குளத்துக்கு ஒரே கலிங்கால் தண்ணி போன கதை சொன்ன கிழவரின் குரல். எல்லாவற்றையும் ஓர் இலவசச் சேமிப்புத் தளத்தில் ஏற்றி வைத்தேன். தளத்தின் பெயர் வேண்டாம். பிள்ளைகளின் போனில் இடமில்லாததால் "சேரிட்ட இருக்குத்தானே" என்று அழித்துவிட்டார்கள்.

2022இல் அந்தத் தளம் இலவசக் கணக்குகளின் இடத்தைக் குறைத்தது. குறித்த திகதிக்குள் காசு கட்டுங்கள் அல்லது இறக்கிக்கொள்ளுங்கள் என்று மூன்று மின்னஞ்சல்கள் வந்திருந்தன. விளம்பரங்களோடு விளம்பரமாக நான் அவற்றைத் திறக்கவில்லை. திறந்து பார்த்தபோது நாள் கடந்துவிட்டது. பிழை பாதி என்னுடையது, மறைக்கவில்லை. இரண்டு பதிவுகள் மட்டும் ஒரு மாணவியின் பழைய போனில் இருந்து கிடைத்தன. 39 போய்விட்டன. அந்தக் கிழவர் இப்போது இல்லை.

அன்றில் இருந்து இலவசம் என்ற சொல்லைக் கேட்டால் நான் விலையைக் கேட்பதில்லை. வாசல் எங்கே என்று கேட்கிறேன். போட்டதை எடுத்துக்கொண்டு போக வழி இருக்கிறதா? பாமினி வினாத்தாளிலும் அதுதான் பிரச்சினை, என் 39 குரல்களிலும் அதுதான்.

இனி இலவசம் நீண்ட காலம் நிலைத்த இடங்களைப் பார்ப்போம். நம் நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி இருக்கிறது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்தது. 1980 முதல் பாடநூலும் இலவசம். யுத்தம், சுனாமி, வங்குரோத்து எல்லாம் வந்தும் அது நிற்கிறது. காரணம், யார் கட்டுகிறார் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் நாம் கட்டும் வரிதான் அது. கட்டுபவருக்கும் பெறுபவருக்கும் ஒப்பந்தம் தெரியும்.

மறுபக்கம் நம் குளங்கள். குளத்துத் தண்ணிக்கு விவசாயி காசு கட்டவில்லை, ஆனால் கட்டைப் பராமரிக்க உடல் உழைப்பைக் கொடுத்தான். அதற்குப் பின்னால் இராசகாரிய முறை இருந்தது. 1832இல் ஆங்கிலேயர் இராசகாரியத்தை ஒழித்தார்கள். கட்டாய உழைப்பு போனது நல்லதுதான். ஆனால் குளக்கட்டை இனி யார் பார்ப்பது என்பதற்கு மாற்று வழி வைக்கவில்லை. வறண்ட வலயத்தில் பல குளங்கள் தூர்ந்தன. 1856இல் தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில் நீர்ப்பாசனச் சட்டம் போட்டு ஊர் வழக்கங்களை மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டி வந்தது. பெயரிலேயே குளத்தை வைத்திருக்கும் ஊரில் இருந்து எழுதுகிறேன். தண்ணி இலவசமாக இருக்கலாம், கட்டு ஒருநாளும் இலவசம் இல்லை.

இன்னும் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் பள்ளிவாசல்களின் முன்னால் இருக்கும் கடைகளைப் பாருங்கள். வாடகை வருகிறது, அந்த வாடகையில் வுழூச் செய்யும் தண்ணியும் மின்சாரமும் ஓடுகிறது. தாகத்தோடு வருபவன் எந்த மதத்தவன் என்றாலும் குழாயைத் திறந்து குடித்துவிட்டுப் போவான். வக்ஃப் செய்த நம் முன்னோர் குழாயை மட்டும் வைத்துவிட்டுப் போகவில்லை, குழாய்க்குச் சோறு போடக் கடையையும் கட்டிவிட்டுப் போனார்கள்.

மென்பொருளிலும் இப்படிக் கடை கட்டியவர்கள் நம் நாட்டில் உண்டு. 2005இல் சஞ்சீவ வீரவர்ணவும் நண்பர்களும் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் தன் நிரலைத் திறந்தே வைத்தது. யாரும் எடுக்கலாம். பெரிய நிறுவனங்கள் ஆதரவுக்கும் பராமரிப்புக்கும் காசு கட்டின. 2024இல் ஈ.கியூ.டி. என்ற முதலீட்டு நிறுவனம் 600 மில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து அதை வாங்க ஒப்பந்தம் செய்தது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைத் தன்னார்வலர்கள் இரவு பகலாக எழுதிய சகன என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளும் கட்டற்றது. அடுத்த வருசமே பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் பயன்பட்டது, பிறகு 2010இல் ஹெயிட்டி வரை போனது. கட்டற்றதாக இருந்ததால் எழுதியவர்களின் கையை விட்டும் அது வாழ்ந்தது.

தமிழ்நாட்டில் சோகோவைப் பாருங்கள். ஸ்ரீதர் வேம்புவும் சகோதரர்களும் வளர்த்த நிறுவனம், வெளி முதலீட்டாளரின் காசை நம்பாதது, தென்காசிப் பக்கம் கிராமத்தில் அலுவலகம் வைத்தது. அவர்களின் மின்னஞ்சல் சேவையில் 5 பேர் வரைக்கும் ஓர் இலவசத் திட்டம் உண்டு. எல்லையில்லாதது என்று சொல்லவில்லை, 5 என்று சொன்னார்கள். ஐந்து பேர் உள்ள கடை வளர்ந்து ஆறாவது ஆளைச் சேர்க்கும்போது காசு கட்டும் வசதியும் அதற்கு வந்திருக்கும் என்பது கணக்கு.

ஆகவே தம்பி, உனக்கு என் பதில்: கொடு. ஆனால் இப்படிக் கொடு.

எல்லையைச் சிறிதாக வை, முதல் நாளே சொல். 30 பிள்ளைகள் வரை இலவசம் என்று வை. வீட்டு விறாந்தையில் பத்துப் பிள்ளைக்குப் படிப்பிக்கும் அக்காவுக்கு அது காணும். மண்டபம் எடுத்து 300 பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவர் கட்டட்டும், அவரால் முடியும். எல்லையற்றது, வாழ்நாள் முழுவதும் போன்ற சொற்களை எழுதாதே. உன்னால் காப்பாற்ற முடியாத வாக்கு அது.

எஸ்.எம்.எஸ். செலவை இலவசத்துக்குள் போடாதே. ஒவ்வொன்றுக்கும் நீ கட்டுகிறாய். வரவுப் பதிவை இலவசமாகக் கொடு, செய்தி அனுப்புவதற்குக் காசு எடு. விலையை ரூபாயில் போடு. டொலர் ஏறி இறங்கும் பயத்தை ரியூசன் வாத்தியாரின் தலையில் கட்டாதே.

இலவசமாகச் சேர்பவர்களுக்கு யார் கட்டுகிறார் என்று முகப்பிலேயே எழுது. "பெரிய வகுப்புகள் கட்டும் காசில் சிறிய வகுப்புகளுக்கு இது இலவசம்" என்று ஒரு வரி. பிள்ளைகளின் பெயர், தொலைபேசி எண்களை எவருக்கும் விற்கமாட்டேன் என்று இன்னொரு வரி. பிள்ளைகளின் விபரத்தை விற்றுத்தான் இலவசம் ஓட வேண்டும் என்றால் அந்தக் கடையை இன்றைக்கே மூடு.

கடைசியாக, எனக்காக ஒன்று. வெளியே போகும் வாசலை உள்ளே வரும் வாசலுக்கு முதல் கட்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லா விபரமும் யுனிகோட் தமிழில் சாதாரண எக்செல் கோப்பாக வர வேண்டும். இலவசக்காரருக்கும் வர வேண்டும். என்றைக்காவது நிறுத்த வேண்டி வந்தால் ஆறு மாதம் முதல் சொல். மின்னஞ்சலில் மட்டும் சொல்லாதே, எங்களைப் போன்ற ஆட்கள் திறக்கமாட்டோம். போன் எடுத்துச் சொல்.

இந்தப் பதிவின் முதல் வடிவத்தை நேற்று அவனுக்கு அனுப்பினேன். வாசித்துவிட்டு எடுத்தான். "எல்லாம் சரி சேர். ஆனா முதல் ஆறு மாசம் கட்டுற ஆள் ஒருத்தரும் இல்லையே. அதுக்கு யார் காசு கட்டுறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் படிப்பித்த கேள்வியை என்னிடமே திருப்பிவிட்டான். இப்போதைக்கு அவன் சம்பளத்தில் இருந்துதான் கட்டுகிறான். உமர் தம்பி காலத்தில் இருந்து அதுதான் நடந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஓர் ஆளின் தூக்கத்திலேயே நம் வசதி ஓட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

வீட்டில் மனைவி பின்னேரம் 18 பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறா. அவன் போடப்போகும் எல்லைக்கு அது இலவசத்துக்குள்தான் வரும். கட்டும் ஆளாகவே எங்களைச் சேர்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். மாதம் 1,000 ரூபா. இரண்டு பேருமாக இருந்து கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுத்தோம். அவனுக்கு இன்னும் ஐந்து பேர் தேவை.

வவுனியாவில் பெரிய வகுப்பு நடத்துபவர்கள் யாராவது இதை வாசித்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், அவனுடைய இலக்கம் தருகிறேன். மற்றவர்களுக்கு ஒரு வேலை மட்டும்: இன்றைக்கு இரவு படுக்க முதல், உங்கள் வீட்டுப் பெரியவர்களின் குரலும் படமும் எந்த இலவசத் தளத்தில் கிடக்கிறது என்று பார்த்து, ஒரு பிரதியைப் பெண்ட்ரைவில் இறக்கி வையுங்கள். 2017இல் என்னிடம் படித்த பிள்ளைகள் யாரிடமாவது அந்த ஒலிப்பதிவுகளில் ஒன்றாவது பழைய போனில் இருந்தால், தயவுசெய்து அனுப்புங்கள்.

வஸ்ஸலாம்.